உலோக மாசூட்டிய நானோ ஒளிவினையூக்கிகள்

உலோக மாசூட்டிய நானோ ஒளிவினையூக்கிகள் என்பன, ஒரு குறைக்கடத்தியின் மீநுண் துகள்களுக்குள் வேறோர் உலோகத்தின் அணுக்களை மிகச் சிறிய அளவில் புகுத்தி, கட்புலனாகும் ஒளியைக் கொண்டே வேதிவினைகளை நிகழ்த்துமாறு ஆக்கப்பட்ட பொருட்கள் ஆகும். இவ்வகையில் மிகுதியாக ஆராயப்பட்ட குறைக்கடத்தி தைட்டானியம் டைஆக்சைடு (இலங்கை வழக்கில் தைத்தானியம் ஈரொட்சைட்டு) ஆகும். இரும்பு, குரோமியம், வனேடியம், ரோடியம், நிக்கல் முதலிய உலோகங்கள் மாசுப்பொருளாகப் பயன்படுகின்றன. இங்கு "மாசு" என்னும் சொல் அழுக்கு என்ற பொருளில் அன்றி, வேண்டுமென்றே சேர்க்கப்படும் வேற்றணு என்ற பொருளில் ஆளப்படுகிறது.

நீரிலும் காற்றிலும் உள்ள கரிம மாசுகளைச் சிதைத்தல், நீரைப் பிளந்து ஐதரசன் பெறுதல் ஆகியன இப்பொருட்களின் முதன்மை நோக்கங்கள். வெண்ணிறத் தைட்டானியம் டைஆக்சைடு உலோகம் சேர்க்கப்பட்டதும் மஞ்சள் அல்லது பழுப்பு நிறம் பெறுகிறது. அதாவது, கட்புலன் ஒளியை உட்கவரத் தொடங்குகிறது. ஆயினும் ஒளியை உட்கவர்வது வேறு, அவ்வொளியால் வினை நிகழ்த்துவது வேறு. முதலாவது எளிது, இரண்டாவது கடினம். இத்துறையின் ஆய்வுகள் பலவும் இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டுள்ளன.

ஒளிவினையூக்கம்

குறைக்கடத்திகளில் எதிர்மின்னிகள் (இலத்திரன்கள்) நிரம்பிய இணைதிறன் பட்டையும், அதற்கு மேல் வெறுமையான கடத்துப்பட்டையும் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாடு பட்டை இடைவெளி எனப்படும். இந்த இடைவெளிக்குச் சமமான அல்லது அதைவிட மிகுந்த ஆற்றலுடைய ஒளியணு ஒன்று குறைக்கடத்தியின் மீது படும்போது, எதிர்மின்னி ஒன்று கடத்துப்பட்டைக்குத் தாவுகிறது. அது விட்டுச் சென்ற இடம் நேர்மின் தன்மையுடைய துளையாகிறது. இத்துளை புரைமின்னி எனவும் அழைக்கப்படுகிறது.

இவ்வாறு பிரிந்த எதிர்மின்னியும் துளையும் துகளின் மேற்பரப்பை அடைந்தால் வேதிவினைகள் நிகழ்கின்றன. எதிர்மின்னி, ஆக்சிசன் மூலக்கூறைச் சூப்பர் ஆக்சைடு அயனியாக ஒடுக்குகிறது. துளை, நீரையோ ஐதராக்சைடு அயனியையோ ஆக்சிசனேற்றி ஐதராக்சில் தனியுறுப்பை உண்டாக்குகிறது. ஐதராக்சில் தனியுறுப்பு மிகுந்த ஆக்சிசனேற்றும் திறன் உடையது. அது பெரும்பாலான கரிமச் சேர்மங்களைப் படிப்படியாகச் சிதைத்து, இறுதியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்ற வல்லது.

எனினும் எதிர்மின்னிகளும் துளைகளும் பெரும்பாலும் மேற்பரப்பை அடையுமுன்னரே ஒன்றையொன்று சந்தித்து அழிகின்றன. இது மீளிணைவு எனப்படும். மீளிணைவில் ஒளியின் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. துகள்களை நானோ அளவில் ஆக்குவதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று இதுவாகும். துகள் சிறிதாயின், மின்னூட்டங்கள் மேற்பரப்பை அடையக் கடக்க வேண்டிய தொலைவு குறைகிறது. ஒரு கிராம் பொருளுக்குரிய மேற்பரப்பும் பெருகுகிறது. ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்குப் பரவலாகப் பயன்படும் பி25 என்னும் வணிகத் தைட்டானியம் டைஆக்சைடு தூளின் ஒரு கிராமில் ஏறத்தாழ 50 சதுர மீட்டர் மேற்பரப்பு உள்ளது.

கட்புலன் ஒளியின் தேவை

தைட்டானியம் டைஆக்சைடு இயற்கையில் அனட்டேசு, உரூட்டைல், புரூக்கைட்டு என்னும் மூன்று படிக வடிவங்களில் கிடைக்கிறது. அனட்டேசின் பட்டை இடைவெளி ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான்வோல்ட், உரூட்டைலுக்கு இது ஏறத்தாழ 3.0 ஆகும். ஓர் ஒளியணுவின் ஆற்றலை எலக்ட்ரான்வோல்ட்டில் பெற, 1240 என்னும் எண்ணை நானோமீட்டரில் அளந்த அலைநீளத்தால் வகுக்க வேண்டும். இக்கணக்கின்படி அனட்டேசைத் தூண்ட 387 நானோமீட்டரை விடக் குறுகிய அலைநீளம் கொண்ட ஒளி தேவை. இது புற ஊதாப் பகுதியைச் சேர்ந்தது.

நிலப்பரப்பை அடையும் சூரிய ஆற்றலில் புற ஊதாப் பகுதி ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு மட்டுமே. கட்புலன் பகுதியோ ஏறத்தாழ 45 விழுக்காடு ஆகும். எனவே தூய தைட்டானியம் டைஆக்சைடு எவ்வளவு திறம்படச் செயற்பட்டாலும், சூரிய ஆற்றலின் பெரும்பகுதி அதற்குப் பயன்படுவதில்லை. வீட்டுக்குள் எரியும் விளக்குகளின் ஒளியில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு என்பதால் அங்கும் அது ஏறக்குறைய செயலற்றே இருக்கும்.

குறைந்த பட்டை இடைவெளி கொண்ட வேறு குறைக்கடத்திகளும் உள்ளன. காட்மியம் சல்பைடின் இடைவெளி ஏறத்தாழ 2.4 எலக்ட்ரான்வோல்ட். ஆனால் அது ஒளியில் தானே அரிக்கப்பட்டு, நச்சுத்தன்மையுள்ள காட்மியத்தை நீரில் விடுகிறது. இரும்பு ஆக்சைடின் இடைவெளி ஏறத்தாழ 2.2 எலக்ட்ரான்வோல்ட். ஆனால் அதில் தோன்றும் துளைகள் மிகக் குறுகிய தொலைவே நகர்ந்து அழிகின்றன. நிலைப்புத்தன்மையும் மலிவும் கொண்ட தைட்டானியம் டைஆக்சைடு போன்ற பொருட்களை மாற்றியமைத்துக் கட்புலன் ஒளிக்கு இணங்கச் செய்யும் முயற்சி இதனாலேயே தோன்றியது.

மாசூட்டலின் விளைவுகள்

படிகக்கூட்டில் தைட்டானியம் அயனி இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் உலோக அயனி அமரும்போது, பட்டை இடைவெளிக்குள் புதிய ஆற்றல் நிலைகள் தோன்றுகின்றன. எதிர்மின்னி ஒரே தாவலில் முழு இடைவெளியையும் கடக்க வேண்டியதில்லை. இந்த இடைநிலைகளிலிருந்தோ இவற்றை நோக்கியோ குறைந்த ஆற்றலுடன் தாவ இயலும். இதனால் கட்புலன் ஒளி உட்கவரப்படுகிறது.

புதிய அயனி பழையதன் இடத்தில் பொருந்துவதற்கு அதன் அளவு நெருங்கியதாக இருத்தல் வேண்டும். தைட்டானியம் அயனியின் ஆரம் 60.5 பிக்கோமீட்டர், மும்மை நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பு அயனியின் ஆரம் 64.5 பிக்கோமீட்டர், குரோமியத்தினுடையது 61.5 பிக்கோமீட்டர். ஆகவே இவை எளிதில் கூட்டினுள் நுழைகின்றன. 103 பிக்கோமீட்டர் ஆரமுள்ள இலந்தனம் அயனி அவ்வாறு நுழைவதில்லை. பெரும்பாலும் துகளின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது.

மின்னூட்டச் சமநிலையும் கருத்திற் கொள்ளப்பட வேண்டும். நான்கு நேர்மின்னூட்டம் கொண்ட தைட்டானியத்தின் இடத்தில் மூன்று மின்னூட்டம் கொண்ட இரும்பு அமர்ந்தால், ஒவ்வோர் இரண்டு இரும்பு அயனிகளுக்கும் ஓர் ஆக்சிசன் அணு இல்லாத வெற்றிடம் உருவாகிச் சமநிலை பேணப்படுகிறது.

மாசு அயனி இருவிதமாகச் செயற்படக் கூடும். குறைந்த செறிவில், அது எதிர்மின்னியையோ துளையையோ சற்று நேரம் பிடித்து வைத்து மீளிணைவைத் தாமதப்படுத்துகிறது. எடுத்துக்காட்டாக, இரும்பு அயனி எதிர்மின்னி ஒன்றை ஏற்று ஈரிணைதிற இரும்பாக மாறி, பின்னர் அதனை மேற்பரப்பிலுள்ள ஆக்சிசனுக்கு வழங்குகிறது. செறிவு மிகும்போது, அடுத்தடுத்துள்ள பிடிப்பிடங்களில் எதிர்மின்னியும் துளையும் சிக்கி எளிதில் சந்திக்கின்றன. அப்போது அதே அயனி மீளிணைவு மையமாகி விடுகிறது. பொருளின் நிறம் அடர்ந்தும் வினைத்திறன் குறைந்தும் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

உகந்த செறிவு பொதுவாக எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். அனட்டேசின் ஒரு கன நானோமீட்டரில் ஏறத்தாழ 29 தைட்டானியம் அணுக்கள் உள்ளன. 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைத் துகளில் ஏறத்தாழ 15,000 தைட்டானியம் அணுக்கள் இருக்கும். அதில் 0.5 விழுக்காடு இரும்பு சேர்த்தால் ஒரு துகளுக்கு 75 இரும்பு அணுக்கள் வரும். 3 நானோமீட்டர் துகளாயின் மொத்தம் ஏறத்தாழ 400 தைட்டானியம் அணுக்களே உள்ளதால், அதே விழுக்காட்டில் துகளுக்கு இரண்டு இரும்பு அணுக்களே கிடைக்கும். ஆகவே துகளின் அளவு மாறும்போது உகந்த செறிவும் மாறுகிறது.

உலோக மாசூட்டலை உலோகப் படிவித்தலிலிருந்து வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பிளாட்டினம், வெள்ளி, பொன் முதலியவற்றின் நுண்துகள்களைக் குறைக்கடத்தியின் மேற்பரப்பில் ஒட்டவைப்பது மாசூட்டல் அன்று. அவை துணை வினையூக்கிகளாகவோ, ஒளியை உட்கவரும் தனித் துகள்களாகவோ செயற்படுகின்றன. மாசூட்டலில் வேற்றணு படிகக்கூட்டின் உள்ளேயே இடம்பெறுகிறது.

வரலாறு

1972 ஆம் ஆண்டில் சப்பானிய அறிவியலாளர்களான அக்கிரா புச்சிசிமா, கெனிச்சி ஓண்டா ஆகியோர், உரூட்டைல் மின்முனை மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளந்ததை நேச்சர் இதழில் வெளியிட்டனர். ஒளி பட்ட முனையில் ஆக்சிசனும், எதிரேயிருந்த பிளாட்டினம் முனையில் ஐதரசனும் வெளிப்பட்டன. 1976 இல் கேரியும் அவர்தம் குழுவினரும் பல்குளோரினேற்ற இருபீனைல் சேர்மங்களையும், 1977 இல் பிராங்கு, பார்டு ஆகியோர் சயனைடையும் தைட்டானியம் டைஆக்சைடு தூளைக் கொண்டு நீரில் சிதைத்துக் காட்டினர். இதன் பின்னர் மாசு நீக்கம் இத்துறையின் ஒரு கிளையாக வளர்ந்தது.

தொடக்கத்தில் உலோக மாசூட்டல் குறித்து நம்பிக்கை குறைந்த முடிவுகளே வந்தன. 1984 இல் எர்மான், திசுதியர், பிசா ஆகியோர் குரோமியம் மாசூட்டிய தைட்டானியம் டைஆக்சைடை ஆராய்ந்து, குரோமியம் மீளிணைவை மிகுவித்து வினைக்குக் கேடு செய்வதை எடுத்துக்காட்டினர்.

1994 இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சோய், டெர்மின், ஆப்மன் ஆகியோர் 21 வகை உலோக அயனிகளைத் தனித்தனியே நானோ துகள்களில் சேர்த்து ஒரே முறையில் ஒப்பிட்டனர். இரும்பு, மாலிப்டினம், உருத்தேனியம், ஓசுமியம், இரேனியம், வனேடியம், ரோடியம் ஆகியவை 0.1 முதல் 0.5 அணு விழுக்காட்டில் வினைத்திறனைக் கூட்டின. கோபால்ட்டும் அலுமினியமும் அதனைக் குறைத்தன. எவ்வுலோகம், எவ்வளவு என்பதே விளைவை முடிவு செய்கிறது என்பது இவ்வாய்வால் தெளிவாயிற்று.

1990களில் சப்பானின் மசகாசு அன்போவின் குழுவினர், வனேடியம், குரோமியம் அயனிகளை உயர் ஆற்றலுக்கு முடுக்கித் தைட்டானியம் டைஆக்சைடுக்குள் பதித்தனர். இவ்வாறு ஆக்கப்பட்டவை 450 நானோமீட்டரை விட நீண்ட அலைநீள ஒளியில் நைட்ரிக் ஆக்சைடைச் சிதைத்தன. வேதிமுறையில் அதே குரோமியம் சேர்க்கப்பட்ட தூள் நிறம் பெற்றும் அவ்வாறு வினைபுரியவில்லை. ஒரே உலோகம், ஒரே குறைக்கடத்தி. ஆக்கிய முறை மட்டுமே வேறு என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

2001 இல் சோ, யே, சயாமா, அரக்காவா ஆகியோர் நிக்கல் மாசூட்டிய இண்டியம் டாண்டலேட்டு கட்புலன் ஒளியில் நீரைப் பிளப்பதை அறிவித்தனர். 402 நானோமீட்டரில் அதன் குவாண்டம் பயன் 0.66 விழுக்காடாக இருந்தது. அதே ஆண்டில் அசாகி முதலானோர் நைட்ரசன் மாசூட்டிய தைட்டானியம் டைஆக்சைடை வெளியிட்டமையால், உலோகமல்லாத மாசுப்பொருட்களும் போட்டிக்கு வந்தன. 2002 இல் கட்டோ, குடோ ஆகியோர் குரோமியத்துடன் ஆண்டிமனியையும் சேர்த்து மின்னூட்டத்தைச் சமன் செய்து, குரோமியத்தின் கேடான அறுமை நேர்மின்னூட்ட வடிவமும் ஆக்சிசன் வெற்றிடங்களும் தோன்றாமல் தடுத்தனர். இரட்டை மாசூட்டல் என்னும் இவ்வுத்தி பின்னர் பரவலாயிற்று.

ஆக்க முறைகள்

கூழ்ம-களி முறை: இது சோல்-ஜெல் முறை எனவும் வழங்கப்படுகிறது. தைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு போன்ற ஆல்காக்சைடு நீருடன் வினைபுரிந்து, முதலில் கூழ்மக் கரைசலாகவும் பின்னர் களியாகவும் மாறுகிறது. மாசு உலோகத்தின் உப்பு தொடக்கத்திலேயே கரைசலில் கலக்கப்படுவதால், அணுக்கள் சீராகப் பரவுகின்றன. எளிய கருவிகள் போதுமானவை என்பதால் ஆய்வகங்களில் பெரிதும் பின்பற்றப்படுகிறது.

நீர்வெப்ப முறை: டெஃப்லான் உள்ளுறை கொண்ட எஃகு அழுத்தக் கலனில் கரைசலை அடைத்து, பொதுவாக 120 முதல் 200 பாகை செல்சியசில் பல மணி நேரம் சூடாக்கும் முறை. துகள்கள் கலனுக்குள்ளேயே படிகமாகி விடுவதால் பின்னர் உயர் வெப்பத்தில் சுட வேண்டிய தேவை குறைகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் குறைகிறது.

இணை வீழ்படிவாக்கம்: இரு உலோக உப்புகளின் கரைசலில் காரம் சேர்த்து இரண்டையும் ஒருசேர வீழ்படிவாக்கும் முறை. மலிவானது. ஆனால் இரு உலோகங்களும் வெவ்வேறு காரத்தன்மையில் வீழ்படிவதாயின் சீரான கலப்பு கிடைப்பதில்லை.

ஈரச் செறிவூட்டல்: ஆயத்தமான தூளை உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்திச் சுடும் முறை. உலோகம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே ஆக்சைடாகத் தங்குவதால், இதனை முழுமையான மாசூட்டல் எனக் கொள்ள இயலாது.

அயனிப் பதிப்பு: முடுக்கிய அயனிகளைத் துகளுக்குள் பாய்ச்சும் முறை. தரம் மிகுந்தது; ஆனால் செலவும் மிகுந்தது.

தீச்சுடர்ச் சிதைப்பு: உலோகச் சேர்மங்களின் கரைசலைச் சுடரில் தெளித்து நொடிப்பொழுதில் நானோ துகள்களைப் பெறும் முறை. பேரளவு ஆக்கத்துக்கு ஏற்றது.

இரும்பு மாசூட்டிய தைட்டானியம் டைஆக்சைடு

கூழ்ம-களி முறைக்கு எடுத்துக்காட்டாக, 0.5 விழுக்காடு இரும்பு கொண்ட தைட்டானியம் டைஆக்சைடு ஆக்கத்தைக் கூறலாம். 0.1 மோல் தைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு (28.4 கிராம்) நீரற்ற ஆல்ககாலில் சிறிதளவு அசிட்டிக் அமிலத்துடன் கரைக்கப்படுகிறது. அசிட்டிக் அமிலம் தைட்டானியத்துடன் பிணைந்து, நீருடன் நிகழும் வினையின் வேகத்தைத் தணிக்கிறது. இல்லையெனில் தைட்டானியம் உடனடியாக வெண்கட்டிகளாக வீழ்படிந்து, இரும்பு வெளியே விடப்படும்.

ஒன்பது நீர் மூலக்கூறுகள் கொண்ட இரும்பு நைட்ரேட்டு 0.20 கிராம், ஆல்ககாலும் சிறிதளவு நீரும் கலந்த கலவையில் தனியே கரைக்கப்படுகிறது. இக்கரைசல் முதற்கரைசலில் துளித்துளியாக, இடைவிடாது கலக்கப்பட்டுச் சேர்க்கப்படுகிறது. கலவை களியாகும் வரை விடப்பட்டு, ஒரு நாள் முதிரவைக்கப்படுகிறது. பின்னர் ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் உலர்த்தி, அரைத்து, காற்றில் 450 பாகை செல்சியசில் சில மணி நேரம் சுடப்படுகிறது. இறுதியில் ஏறத்தாழ 8 கிராம் வெளிர்மஞ்சள் தூள் கிடைக்கும்.

சுடும் வெப்பநிலை விளைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வெப்பம் குறைந்தால் படிகம் முழுமை பெறாது; குறையுள்ள இடங்கள் மீளிணைவு மையங்களாகும். வெப்பம் மிகுந்தால் துகள்கள் பருத்து மேற்பரப்பு குறையும். அனட்டேசு உரூட்டைலாக மாறத் தொடங்கும். தூய பொருளில் இம்மாற்றம் பொதுவாக 600 பாகைக்கு அருகிலோ அதற்கு மேலோ தொடங்கும். இரும்பு சேரும்போது இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே தொடங்கி விடும். இரும்பின் அளவு சில விழுக்காட்டைத் தாண்டும்போது அது தனி இரும்பு ஆக்சைடாகப் பிரிந்து தூள் செம்பழுப்பு நிறமடைகிறது.

தைட்டானியத்தின் முதன்மைத் தாதுவான இல்மனைட்டு, இரும்பும் தைட்டானியமும் கலந்த ஆக்சைடு ஆகும். தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவறா, இலங்கையின் புல்மோட்டை ஆகிய இடங்களின் கடற்கரை மணலில் இது கிடைக்கிறது. வெள்ளைச் சாயப்பொருள் ஆக்கத்தில் இத்தாதுவிலிருந்து இரும்பு முழுவதும் அரும்பாடுபட்டு நீக்கப்படுகிறது. ஒளிவினையூக்கியிலோ அதே இரும்பு அளந்து மீண்டும் சேர்க்கப்படுகிறது.

பண்பறிதல்

ஆக்கப்பட்ட பொருளில் உலோகம் உண்மையில் படிகக்கூட்டினுள் சென்றதா என்பதை ஒரே சோதனையால் உறுதிசெய்ய இயலாது. பின்வரும் முறைகள் ஒருங்கே பயன்படுத்தப்படுகின்றன.

எக்சு-கதிர் விளிம்பு வளைவு: செப்புக் கதிரைப் பயன்படுத்தும்போது அனட்டேசின் முதன்மை முகடு 25.3 பாகையிலும், உரூட்டைலின் முகடு 27.4 பாகையிலும் தோன்றும். முகட்டின் அகலத்திலிருந்து செரர் சமன்பாட்டின் மூலம் படிக அளவைக் கணக்கிடலாம். அனட்டேசு முகட்டின் அரை உயர அகலம் 0.8 பாகையாயின் படிக அளவு ஏறத்தாழ 10 நானோமீட்டர் ஆகும். மிகச் சிறிய அளவிலுள்ள இரும்பு ஆக்சைடு இச்சோதனையில் தென்படாது. எனவே அதன் முகடு காணப்படாமை மட்டும் மாசூட்டலுக்குச் சான்றாகாது.

பரவல் எதிரொளிப்பு நிறமாலை: தூள் எவ்வலைநீளங்களை உட்கவர்கிறது என்பதைக் காட்டும். இதிலிருந்து பட்டை இடைவெளி மதிப்பிடப்படுகிறது. மாசு நிலைகளால் தோன்றும் மெல்லிய தோள் போன்ற பகுதியைப் பட்டை இடைவெளியே சுருங்கியதாகக் கொள்வது பொதுவாக நேரும் பிழையாகும்.

ஊடுருவு எதிர்மின்னி நுண்நோக்கி: துகள்களின் வடிவத்தையும் அளவையும் நேரடியாகக் காட்டும்.

எக்சு-கதிர் ஒளிமின்னி நிறமாலை, எதிர்மின்னி இணைகாந்த ஒத்ததிர்வு: மாசு அயனியின் மின்னூட்டத்தையும் அதன் சூழலையும் அறிய உதவும்.

வினைத்திறனை அளத்தல்

ஆய்வகங்களில் மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தின் நிறம் மங்குவதைக் கொண்டு வினைத்திறன் அளவிடப்படுவது பரவலான வழக்கமாகும். சாயக்கரைசலில் தூளைக் கலந்து, முதலில் இருட்டில் ஏறத்தாழ அரை மணி நேரம் கலக்குவர். சாயம் தூளின் மேல் வெறுமனே ஒட்டிக்கொள்வதால் ஏற்படும் நிற இழப்பைப் பிரித்தறியவே இவ்வாறு செய்யப்படுகிறது. பின்னர் 420 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களைத் தடுக்கும் வடிகட்டியுடன் ஒளி பாய்ச்சப்படுகிறது. குறித்த இடைவெளிகளில் எடுத்த மாதிரிகளில், மெத்திலீன் நீலம் வலிமையாக உட்கவரும் 664 நானோமீட்டரில் அளவீடு செய்யப்படுகிறது.

இம்முறையில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. சாயம் என்பதே கட்புலன் ஒளியை உட்கவரும் பொருள். ஒளியை உட்கவர்ந்த சாய மூலக்கூறு தன் எதிர்மின்னியைக் குறைக்கடத்திக்கு வழங்கித் தானே சிதையக் கூடும். அவ்வாறாயின் வினையூக்கி ஒளியைப் பயன்படுத்தவே இல்லை; மாசூட்டாத வெண்தூளிலும் சாயம் மங்கும். 2006 இல் சப்பானைச் சேர்ந்த யான், ஓனோ, ஒட்டானி முதலானோர், கட்புலன் ஒளி ஆய்வுகளுக்கு மெத்திலீன் நீலம் ஏற்றதன்று என்பதை இக்காரணத்தின் அடிப்படையில் சுட்டிக்காட்டினர். ஐ.எசு.ஓ 10678 என்னும் 2010 ஆம் ஆண்டுப் பன்னாட்டுச் சீர்தரம் மெத்திலீன் நீலச் சோதனையைப் புற ஊதா ஒளிக்கே வகுத்துள்ளது.

இவ்வையத்தைத் தவிர்க்கப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன:

* பீனால், அசிட்டால்டிகைடு போன்ற நிறமற்ற சேர்மங்களைச் சோதனைப் பொருளாகக் கொள்ளுதல்.
* நிறம் மட்டுமன்றிக் கரைசலிலுள்ள மொத்தக் கரிமக் கரியின் அளவையும், வெளிப்படும் கரியமில வாயுவையும் அளத்தல். நிறம் மறைந்த பின்னரும் நிறமற்ற இடைநிலைச் சேர்மங்கள் நீரில் எஞ்சக் கூடும்.
* வினையூக்கி இல்லாமலும், ஒளி இல்லாமலும், மாசூட்டாத தூளுடனும் ஒப்பீட்டுச் சோதனைகள் செய்தல்.
* ஒவ்வோர் அலைநீளத்திலும் தனித்தனியே வினை வேகத்தை அளந்து, அதனை உட்கவர் நிறமாலையுடன் ஒப்பிடுதல். வினை நிகழும் அலைநீளங்கள் மாசு உட்கவரும் அலைநீளங்களுடன் பொருந்தினால் மட்டுமே, மாசூட்டலால் பயன் விளைந்தது என உறுதியாகக் கூற இயலும்.

பயன்பாடுகள்

நீர் பிளத்தலில் மாசூட்டிய இசுட்ரான்சியம் தைட்டனேட்டு முதன்மை பெற்றுள்ளது. 2004 இல் குடோவின் குழுவினர், ரோடியம் மாசூட்டிய இப்பொருள் கட்புலன் ஒளியில் ஐதரசன் தருவதை வெளியிட்டனர். 2016 இல் கசுனரி தோமன் முதலானோர், இலந்தனமும் ரோடியமும் சேர்த்த இசுட்ரான்சியம் தைட்டனேட்டையும், மாலிப்டினம் சேர்த்த பிசுமத் வனேடேட்டையும் பொன் படலத்தின் மீது பரப்பிய தகடுகளைக் கொண்டு, சூரிய ஆற்றலில் 1 விழுக்காட்டுக்கு மேல் ஐதரசனாக மாற்றினர்.

2020 இல் வெளியான அலுமினியம் மாசூட்டிய இசுட்ரான்சியம் தைட்டனேட்டு 350 முதல் 360 நானோமீட்டர் வரையான ஒளியில் 96 விழுக்காடு வரை குவாண்டம் பயன் அளித்தது. இங்கு அலுமினியம் ஒளி உட்கவர்தலை விரிவாக்கவில்லை. குறையுள்ள தைட்டானியம் இடங்களை நீக்கி மீளிணைவையே தடுத்தது. எனினும் இப்பொருள் புற ஊதா ஒளியில் மட்டுமே செயற்படும். அதனால் 2021 இல் சப்பானில் 100 சதுர மீட்டர் பரப்பில் இவ்வகைத் தகடுகள் நிறுவப்பட்டபோது, சூரிய ஆற்றலை ஐதரசனாக மாற்றிய உயர்ந்த அளவு 0.76 விழுக்காடாகவே இருந்தது. ஏறக்குறைய ஒவ்வோர் ஒளியணுவும் பயன்பட்டும் விளைச்சல் இவ்வளவே என்பது, கட்புலன் ஒளிக்கான தேவையை எண்ணளவில் உணர்த்துகிறது.

மாசு நீக்கத்தில், தன்னைத் தானே தூய்மை செய்யும் கண்ணாடிகள் 2001 முதல் சந்தைக்கு வந்தன. இவை பெரும்பாலும் மாசூட்டாத தைட்டானியம் டைஆக்சைடு படலங்களையும் புற ஊதா ஒளியையும் சார்ந்தவை. உள்ளறைக் காற்றைத் தூய்மை செய்யும் பூச்சுகளுக்கே கட்புலன் ஒளி வினையூக்கிகள் மிகுதியும் வேண்டப்படுகின்றன.

சாயக் கழிவுநீர், ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி குறிப்பிடப்படும் பயன்பாடாகும். நொய்யல் ஆறு மாசடைந்ததைத் தொடர்ந்து, 2011 சனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அங்கு நடைமுறைக்கு வந்த பூச்சியக் கழிவுநீர் வெளியேற்ற முறை, எதிர்ச் சவ்வூடுபரவல் சவ்வுகளையும் ஆவியாக்கிகளையும் அடிப்படையாகக் கொண்டது, ஒளிவினையூக்கிகளை அன்று. அடர்ந்த சாயநீரில் ஒளி ஆழமாக ஊடுருவாது. கழிவிலுள்ள உப்புகளை ஒளிவினையூக்கி நீக்குவதுமில்லை. ஆகையால், முன்னரே பெருமளவு தூய்மையாக்கப்பட்ட நீரில் எஞ்சும் சிறு அளவிலான மருந்துப்பொருட்கள், பூச்சிக்கொல்லிகள் முதலியவற்றை நீக்கும் இறுதிக் கட்டத்துக்கே இவை பொருத்தமானவை.

வரம்புகளும் பாதுகாப்பும்

* மீளிணைவு: மாசு நிலைகள் ஒளியை உட்கவரச் செய்யும் அதே வேளையில் மின்னூட்டங்களை அழிக்கவும் செய்கின்றன. இரட்டை மாசூட்டல், செறிவைக் கட்டுப்படுத்தல், துணை வினையூக்கிகளைச் சேர்த்தல் ஆகியவை இதனைக் குறைக்கும் வழிகள்.
* ஆக்சிசனேற்றும் திறன் குறைதல்: இடைநிலையில் தோன்றும் துளை, இணைதிறன் பட்டையில் தோன்றும் துளையை விட வலிமை குறைந்தது. குறைந்த ஆற்றலுள்ள ஒளியைப் பயன்படுத்துவதற்குத் தரப்படும் விலை இதுவாகும்.
* உலோகம் கரைதல்: நீண்ட காலப் பயன்பாட்டில் மாசு உலோகம் நீரில் கரைந்து வெளியேறக் கூடும். குரோமியத்தின் அறுமை நேர்மின்னூட்ட வடிவம் புற்றுநோயை உண்டாக்க வல்லது. நீரைத் தூய்மையாக்கும் பொருளே நீரை மாசுபடுத்தலாகாது என்பதால், வினைக்குப் பின் நீரிலுள்ள உலோக அளவைச் சோதித்தல் இன்றியமையாதது.
* பிரித்தெடுத்தல்: நானோ துகள்களை நீரிலிருந்து வடிகட்டுவது கடினம். கண்ணாடி, மட்பாண்ட மணிகள், சவ்வுகள் ஆகியவற்றின் மீது படியவைத்துப் பயன்படுத்தினால் பிரித்தல் எளிதாகும். ஆனால் வினைபுரியும் மேற்பரப்பு குறையும்.
* மூச்சில் கலத்தல்: பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006 இல் தைட்டானியம் டைஆக்சைடு தூளை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. மூச்சுவழி உட்செல்லும் தூள் குறித்த விலங்காய்வுகளே இதற்கு அடிப்படை. உலர்ந்த நானோ தூளைக் கையாளும்போது முகமூடியும் காற்றிழுப்புப் பேழையும் தேவை.

இவற்றையும் பார்க்க

* ஒளிவினையூக்கம்
* குறைக்கடத்தி
* மாசூட்டல்
* தைட்டானியம் டைஆக்சைடு
* கூழ்மம்
* நானோ தொழில்நுட்பம்
* செயற்கை ஒளிச்சேர்க்கை